மகளின் இடுப்பும் நான் பள்ளிக்குக் கொடுத்த கதிரையும்

போன வருடம் நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்பு, ஏழு மாதக் கர்ப்பிணியான என் மகள் உட்கார்ந்து தொழுவதற்குப் பாவித்து வந்த கதிரையை நான் பள்ளிவாசலுக்கு வக்ஃபு தானமாகக் கொடுத்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. இந்த வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் எனக்குச் சாதகமாக எழுத முடியுமா என்று பலமுறை முயன்று பார்த்தேன். முடியவில்லை, ஆகவே அப்படியே விட்டிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பாடசாலை அதிபர். எங்கள் வீடு கற்பிட்டிப் பாதையில், மாம்புரியைத் தாண்டி, கடல்நீர் தேங்கும் களப்புப் பக்கமாக இருக்கிறது. எங்கள் வீடு என்பது பேச்சுக்குத்தான். எங்கள் பகுதி முஸ்லிம்களிடையே பெண்பிள்ளைக்குக் கலியாணம் என்றால் வீட்டை அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்போம். மாப்பிள்ளை வந்து அங்கே குடியேறுவார், பெற்றவர்கள் பின்னறைக்கு ஒதுங்குவார்கள். நானும் ஒதுங்கினேன். கட்டிலும் புத்தகங்களும் பின்னறைக்குப் போயின. அதிகாரம் மட்டும் முன்மண்டபத்திலேயே தங்கிவிட்டது.

மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் நோவு தொடங்கியது. கட்டிலில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரளும்போது, முன்னால் இரண்டு தொடையும் சேருகிற இடத்தில் எலும்பைப் பிடித்து இரண்டாகப் பிரிப்பதுபோல் இருக்கிறது என்று தன் உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நின்றபடி ஒரு காலைத் தூக்கிப் பாவாடை மாற்ற முடியவில்லையாம். வாசல்படி இரண்டும் மலை மாதிரியாம். பின்பக்கம் இடுப்புக்குக் கீழேயும் குத்துகிறதாம். இத்தனையையும் கேட்ட என் மனைவி, ஆண்பிள்ளைக்குச் சொல்லக்கூடிய அளவுக்குச் சுருக்கி, "இடுப்பு நோவாம்" என்று என்னிடம் சொன்னாள்.

நான் உடனே காரணத்தைக் கண்டுபிடித்தேன். கைத்தொலைபேசி. நாள் முழுவதும் சாய்ந்து கிடந்து அதைப் பார்த்தால் இடுப்பு நோகாமல் என்ன செய்யும்? பரீட்சை நாளில் வயிற்று வலி என்று வந்த பிள்ளைகளை வேலைக் காலம் முழுவதும் பார்த்தவன் நான். அவர்களில் பாதிப் பேருக்கு மணி அடித்ததும் சுகமாகியிருக்கிறது. மற்றப் பாதிப் பேரைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

மருந்தும் என்னிடமே இருந்தது. நடை. தினமும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் அவளைக் களப்போர மணலில் கூட்டிக்கொண்டு போனேன். நான் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் போவேன். அவள் கால்களை அகட்டி, சின்னச் சின்னதாக எட்டு வைத்துப் பின்னால் வருவாள். வாத்து மாதிரி நடக்காமல் காலை நன்றாக எட்டி வை என்று திரும்பித் திரும்பிச் சொல்வேன். ஒரு நாள் கட்டாத ஆடு ஒன்று எங்களை முந்திக்கொண்டு போனது. அதைக் குடையால் காட்டி, அதுவும் சினை ஆடுதான், என்ன வீச்சாகப் போகிறது பார் என்றேன். மகள் ஆட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை நான் ஒழுக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

இப்படியிருக்கும்போதுதான் அவள் என் கதிரைக்கு வந்தாள். ஓய்வு பெற்றபோது பாடசாலையில் எனக்குக் கொடுத்த தேக்குக் கதிரை அது. நேரான முதுகு, இரண்டு பக்கமும் கைபிடி, சாதாரணக் கதிரையைவிட நல்ல உயரம். முழங்கால் மடங்காமல் போனதிலிருந்து நான் அதில் இருந்துதான் தொழுது வந்தேன். வீட்டில் இருக்கிற கதிரைகளில் அது ஒன்றிலிருந்துதான் நோவில்லாமல் எழும்ப முடிகிறது என்று மகள் கண்டுபிடித்தாள். பிரச்சினை என்னவென்றால், எனக்கு எப்போது நண்பகல் லுஹர் தொழுகை நேரமோ அவளுக்கும் அப்போதுதான் லுஹர் நேரம். பாங்கு சொன்னதும் இரண்டு பேரும் கைகால் கழுவி ஒழு செய்துவிட்டு மண்டபத்துக்கு வருவோம். நான் கதிரையைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்ப்பாள். பிள்ளைத்தாய்ச்சி என்று விட்டுக் கொடுத்துவிட்டு நான் காத்திருப்பேன். காத்திருக்கும்போது கோபம் வரும்.

இருபத்தாறு வயதில் கதிரைத் தொழுகையா? குனிந்து ருகூஉ செய்வதும் நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூது செய்வதும் பிரசவத்தைச் சுகமாக்கும் என்பது என் முடிவு. அதற்கு ஆதாரம் தேடி மௌலவியிடம் போனேன். இயலாதவர் இருந்து தொழலாம் என்பது எனக்குத் தெரியாத சட்டமல்ல. ஆகவே நான் கேட்ட கேள்வி வேறு: சோம்பலினால் ஒருவர் கதிரையில் இருந்து தொழலாமா? கூடாது என்றார் அவர். கேள்வியை அமைக்கும் விதத்திலேயே விடையை வரவழைப்பது வினாத்தாள் தயாரித்துப் பழகியவனுக்குப் பெரிய வேலையில்லை. அந்த விடையைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அதன் பிறகு செய்ததை என் மூளையின் உச்சகட்டச் சாதனை என்று அப்போது நினைத்தேன். கதிரையை ஓட்டோவில் ஏற்றிப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டேன். இனி மகள் நின்று குனிந்து தொழுவாள். எனக்கு வக்ஃபு கொடுத்த நன்மை. பள்ளிக்குப் போய் அதே கதிரையில் நானே இருந்து தொழலாம் என்பதால் நட்டமும் இல்லை. ஒரு கல்லில் எத்தனை மாங்காய் என்று எண்ணிக்கொண்டே திரும்பி வந்தேன்.

இரண்டு விடயங்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒன்று, பள்ளியில் என்னைவிட மூத்தவர் ஒருவர் இருந்தார். அவர் ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் பாங்குக்கு முன்பே வந்து அந்தக் கதிரையில் இருந்துவிடுவார். இரண்டாவது, பாங்கு சொல்லும் எங்கள் மோதினார் நன்றியுள்ளவர். அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கியில், அதிபர் சேர் தனது அருமையான தேக்குக் கதிரையைப் பள்ளிக்கு அன்பளிப்புச் செய்திருக்கிறார், அல்லாஹ் அவருக்கும் அவருடைய குடும்பத்தாருக்கும் உடல் சுகத்தைக் கொடுப்பானாக என்று ஊருக்கே கேட்க துஆ செய்தார். மகள் அதைக் குசினியில் சமைத்துக்கொண்டு நின்று கேட்டாள். கதிரை எங்கே போனது என்று அவளுக்குத் தெரிந்தது அப்படித்தான்.

அவள் சண்டை போடவில்லை. இரவு இஷாவுக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு அதில் இருந்து தொழுதாள். அது பதிவானது, உயரமில்லாதது, கால் வளைவது. தொழுது முடித்ததும் எழும்ப முடியவில்லை. உம்மா இரண்டு கையையும் பிடித்து இழுக்க, மகள் எழும்பும்போது கதிரையும் அவளோடு சேர்ந்து எழும்பியது. மீன் லொறி ஓடுகிற மருமகன் அன்று வீட்டில் நின்றான். சிரிக்கத் தொடங்கியவன் அவளுடைய முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட அவள் நின்றாள். நான் சிரிக்கவில்லை. அதைவிட மோசமான காரியம் செய்தேன். உடம்பு கூடிப் போச்சு, அதனால்தான் கதிரை பிடிக்கிறது என்று விளக்கம் சொன்னேன்.

கதிரையைக் கழற்றி எடுத்த பிறகு மகள் அமைதியாகச் சொன்னாள்:

"வாப்பா, நான் புள்ளையைப் பெறுறதுக்கு மாமிட ஊட்டுக்குப் போறன்."

ஏன் என்று கேட்டேன்.

"அங்க நோவுது எண்டா இரி மகள் எண்டு சொல்லுவாங்க. இங்க நான் சாட்சியோட நிரூபிக்க வேண்டி இரிக்கிது."

வெளியாருக்கு இதன் பாரம் விளங்காது. எங்கள் பக்கத்தில் மகள் பிள்ளை பெறுவது தாய் வீட்டிலிருந்துதான். மாப்பிள்ளை வீட்டார்தான் பிள்ளை பார்க்க இங்கே வருவார்கள். உம்மாவும் வாப்பாவும் உயிரோடிருக்க, தன் பெயரிலேயே வீடும் இருக்க, ஒருத்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு சிலாபத்திலுள்ள மாமியார் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போனால், அந்த வீட்டில் என்ன நடந்தது என்று ஊரில் எல்லாரும் கேட்பார்கள். முதலில் நான் பயந்தது அந்தக் கேள்விக்குத்தான், அவளுக்காக அல்ல. மனைவியிடம் மகளுக்குப் புத்தி சொல்லச் சொன்னேன். அவள் பாயை உதறிக்கொண்டே, "ஊட்ட அவள்ட பேருக்கு எழுதினீங்க. அவள்ட உடம்ப எப்ப உங்கட பேருக்கு எழுதிக்கிட்டீங்க?" என்றாள்.

அந்த வாரம், கர்ப்பிணிகளைப் பார்க்க வருகிற குடும்பநல மாது வழமைபோல் வீட்டுக்கு வந்தார். மகள் நடப்பதைப் பார்த்ததும் கிளினிக்குக்கு அனுப்பினார். கிளினிக் டாக்டர் ஆஸ்பத்திரியிலுள்ள பிசியோதெரபிப் பகுதிக்கு அனுப்பினார். மருமகன் லொறியோடு கொழும்புக்குப் போயிருந்ததால் துணைக்கு நான் போக வேண்டியதாயிற்று. போகும்போது என் மனதில் இருந்தது ஒன்றுதான்: படித்த ஒருவர் வாயால் இது சோம்பல் என்று கேட்டுவிட்டால் பயணமும் நிற்கும்.

பிசியோதெரபிஸ்ட் ஒரு சிங்களப் பெண். தமிழும் நன்றாகப் பேசினார். எங்கெங்கே நோகிறது, எப்போது நோகிறது என்று கேட்டுவிட்டு, மகளை எழுந்து நின்று ஒரு காலைக் கொஞ்சமாகத் தூக்கச் சொன்னார். பிடித்துக்கொள்ள என் தோளைக் காட்டினார். மகள் காலைத் தூக்கியது நாலு விரல் உயரம்கூட இராது. அவளுடைய நகங்கள் என் சட்டைக்கு மேலாலேயே தோளில் இறங்கின. அவ்வளவு பலமாக அவள் என்னை எப்போதும் பிடித்ததில்லை. நடிக்கிறவர்கள் முகத்தை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் விரல் அப்படி நடிக்காது. அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். ஒரு தகப்பன் நம்புவதற்குத் தோலில் நகம் இறங்க வேண்டியிருந்தது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பிறகு அவர் சொன்னதை விளங்கிய அளவில் சொல்கிறேன். இடுப்பு எலும்பு ஒரே சட்டி மாதிரித் தெரிந்தாலும் அது ஒரே துண்டு அல்ல. முன்னால் ஒரு மூட்டும் பின்னால் இரண்டு மூட்டுகளும் அதைச் சேர்த்துப் பிடிக்கின்றன. சாதாரண நாட்களில் அந்த மூட்டுகள் அசைவது தெரியவே தெரியாது. கர்ப்ப காலத்தில் அவற்றைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் இளகுகின்றன, பாரமும் கூடுகிறது. சிலருக்கு இரண்டு பக்கமும் சமமாக இயங்காமல் போய் நோவெடுக்கிறது. பிள்ளைக்கு இதனால் கேடில்லை, தாய்க்குத்தான் சித்திரவதை. ஒரு காலில் பாரம் விழுகிற எந்தக் காரியமும் அதைக் கூட்டும்: படி ஏறுவது, நின்று உடுப்பு மாற்றுவது, காலை எட்டி வைத்து நடப்பது. மணலில் நடப்பது நல்லதா என்று நான் தயங்கிக் கேட்டேன். யார் அப்படி நடக்கச் சொன்னது என்று அவர் கேட்டார். மகள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஆட்டைப் பற்றியும் சொல்லவில்லை.

இருந்துகொண்டு உடுப்பு மாற்ற வேண்டும். புரளும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துப் புரள வேண்டும், படுக்கும்போது நடுவில் தலையணை வேண்டும். இடுப்புக்கு ஒரு பட்டி கொடுத்தார், சில பயிற்சிகளைச் செய்து காட்டினார். ஓட்டோவில் ஏறும்போது இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் சொப்பிங் பேக்கை விரித்து, முதலில் அதில் இருந்து, இரண்டு காலையும் சேர்த்து அப்படியே திரும்பினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகலாம் என்றார். கடைசியாக, வீட்டில் உயரமான, கைபிடி வைத்த கதிரை இருக்கிறதா என்று கேட்டார்.

"இரிந்திச்சு, மிஸ்," என்று சொல்லிவிட்டு மகள் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள்.

மறுநாள் அஸருக்குப் பிறகு கதிரையைத் திருப்பிக் கேட்கப் பள்ளிக்குப் போனேன். நிர்வாக சபைத் தலைவர் கருவாட்டு வியாபாரி, என்னிடம் கணக்குப் படித்தவர். நான் சொன்னதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்.

"வக்ஃபு எண்டா அல்லாஹ்வுக்குக் கொடுத்தது, சேர். அல்லாஹ்ட்ட போய்த் திருப்பித் தா எண்டு கேக்க எனக்கு ஏலாது."

கதிரை வரிசையில் இருந்த முதியவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். என் கதிரையில் இருந்த மூத்தவர் இரண்டு கைபிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எதற்குத் திருப்பிக் கேட்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். எங்கள் ஊர் ஆண்கள் பெண்களின் இடுப்பைப் பற்றிப் பள்ளியில் வைத்துப் பேசுவதில்லை. நான் பேசினேன். மூன்று மூட்டு, இளகிய நார், ஆடு, சோம்பல் என்று கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். மௌலவி இடையில் எழும்பிப் போவார் என்று எதிர்பார்த்தேன், அவர் இன்னும் கிட்ட வந்து இருந்தார்.

பிறகு முன்னாள் படகுக்காரர் ஒருவர், தன் மனைவி மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு காலை இழுத்து இழுத்து நடந்ததாகவும், தான் அதை ஜின் பிடித்தது என்று நினைத்து மந்திரித்த நூல் கட்டியதாகவும் சொன்னார். அடுத்தவர் இருமினார். "என்ட மனிசி ஒரு வருஷம் சுவரப் புடிச்சிக்கிட்டு நடந்தா. சுவர் ஊத்தையாகுது எண்டு நான் ஏசினன். பொறவு சுண்ணாம்பும் அடிச்சன்," என்றார். சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே அடங்கியது. படகுக்காரர் என் பக்கம் திரும்பி, "சேர்ட ஊட்டில எப்பிடி? அவங்களுக்கு இரிந்திச்சா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்டேன். அவள் கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "இப்பத்தான் கேக்க நேரம் வந்திச்சா?" என்றாள். கையில் பட்ட கணவாய் மையைக் கழுவப் போனாள். இன்றுவரை வேறு பதில் கிடைக்கவில்லை, கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

தச்சனிடம் அதே அளவில் புதிதாக ஒரு கதிரை செய்யச் சொன்னேன். அது முடிவதற்குள் மகள் புறப்பட்டுவிட்டாள். ஓட்டோவில் சொப்பிங் பேக்கை விரித்து அவள் இருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெண், பன்னீர்க்குடம் உடைந்துவிட்டதா என்று வேலிக்கு மேலால் விசாரித்தார். நான் முன்னால் போய், அதில்லை, இது இடுப்பு மூட்டு நோவு என்று இரண்டு கையாலும் வடிவம் காட்டி விளக்கத் தொடங்கினேன். அந்தப் பெண் முக்காட்டை இழுத்துக்கொண்டு வேலிக்குப் பின்னால் மறைந்தார். மகளிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அருகில் போனேன். வாயில் வந்தது, புதுக் கதிரை வெள்ளிக்கிழமை வரும் என்பது.

"கதிரைக்காக இல்ல வாப்பா," என்றாள். ஓட்டோ போய்விட்டது.

நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு பேத்தி பிறந்தாள். பிள்ளை பிறந்ததும் நோவு போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பெரும்பகுதி போனது, மிச்சம் போகவில்லை. சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும் என்று அந்தப் பிசியோதெரபிஸ்ட் முன்பே சொல்லியிருந்தார். நான் பாலாவியில் பஸ் மாறி அடிக்கடி சிலாபத்துக்குப் போனேன். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கி மகளின் மடியில் கொடுப்பது என் வேலை. என் முழங்கால் இருக்கிற நிலைமையில் நான் குனிந்து நிமிரும்போது பிள்ளை அழும், அதை முந்திக்கொண்டு நான் முனகுவேன். மகள் நன்றி சொல்வாள், விருந்தாளிக்குச் சொல்வதுபோல. வீட்டுக்கு எப்போது வருவாய் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

நாற்பதாம் நாள் அங்கே விருந்து. என் சம்மந்தியம்மா நல்ல மனுஷி, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுபவர். மகளை நாற்பது நாளும் தரையில் கால் வைக்க விடாமல் பார்த்தவர். ஆனால் அவருடைய கணக்கில் நாற்பதோடு எல்லாம் முடிகிறது. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற பெரிய சஹன் தட்டில் புரியாணியைக் குவித்து, இன்றோடு மருமகள் சுகமாகிவிட்டாள், பெண்களின் பக்கத்துக்கு முதல் சஹனை அவளே தூக்கி வரட்டும் என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தப் பக்கத்துக்கு மூன்று படி ஏற வேண்டும். மகள் தட்டைப் பார்த்தாள், படியைப் பார்த்தாள். பிறகு குனிந்து கையைக் கொடுக்கப் போனாள். இந்த முறை யாரிடமும் நிரூபிக்க அவளுக்குத் தெம்பில்லை என்று எனக்கு விளங்கியது.

சம்மந்தி வீட்டில் பெண்ணின் தகப்பன் செய்ய வேண்டியது இரண்டு: சாப்பிடுவது, சாப்பாட்டைப் புகழ்வது. நான் எழும்பினேன்.

"அவளுக்கு ஏலாது, சம்மந்தி. இன்னும் நோவு இரிக்கிது."

"நாப்பதும் போச்சே, நானா. பாத்தா நல்லாத்தானே இரிக்கிறா?"

"பாத்தா தெரியாது. நானும் பாத்துப்போட்டுத்தான் இல்ல எண்டு சொன்னன். அவள் நோவுது எண்டா நோவுதுதான்."

விருந்தாளிகள் எல்லாரும் கேட்டார்கள். நான் சஹனைத் தூக்கினேன். முதல் படியைத் தாண்டினேன். இரண்டாவதில் என் முழங்கால் தன் கருத்தைத் தெரிவித்தது. தட்டு சாய்ந்து ஒரு முழுக் கோழிக்கால் மருமகனின் வாப்பாவுடைய வெள்ளைச் சாரத்து மடியில் போய் விழுந்தது. யாரோ தட்டை வாங்கினார்கள், யாரோ என்னை வாங்கினார்கள். சம்மந்தியம்மாவின் கண் கலங்கியிருந்தது. நான் என்ன பிழை செய்தேன் நானா என்று கேட்டார். ஒரு பிழையும் இல்லை, பிழை என்னுடையது, அது உங்கள் வீட்டில் வந்து விழுந்துவிட்டது என்று சொல்லி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரிடம் கேட்டதை மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகள் போன பிறகு மகள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னம் ஊட்டுக்கு வாறன் வாப்பா. ஒரு வருஷம் போனாலும் இன்னும் ஏன் சுகமில்ல எண்டு நீங்க கேக்கப்படாது."

கேட்க மாட்டேன் என்றேன்.

சொன்னபடி வந்தாள். நோவு இப்போது குறைந்து வருகிறது. பயிற்சிகளைத் தவறாமல் செய்கிறாள். படிகளை ஒவ்வொன்றாக, நல்ல காலை முதலில் வைத்து ஏறுகிறாள். நான் ஏன் என்று கேட்பதில்லை. ஆனால் வேறு வியாதி எனக்குப் பிடித்துவிட்டது. அவள் எழும்பினால், இருந்தால், திரும்பினால், நோகிறதா என்று கேட்கிறேன். நேற்றுக் காலை பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதும் கேட்டேன்.

"நீங்க கேக்கக்கேக்கத்தான் வாப்பா நோவுது," என்றாள்.

நம்பினேன்.